சேலம் வக்கீல் ராஜாஜி: ஒரு பட்டறை வீட்டுப் பையனின் பார்வையில்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவர் வாழ்க்கையை எழுதித் தா என்று மலர்க்குழுவில் கேட்டார்கள். வழக்கமா நம்ம மலர்ல விஸ்வேஸ்வரய்யா வருவார், ஜி.டி.நாயுடு வருவார், அப்துல் கலாம் கட்டாயம் வருவார். நான் ஒரு வக்கீலைப் பற்றி எழுதுறேன்னு சொன்னதும் எங்க மெக்கானிக்கல் செக்‌ஷன்ல ஒரே சிரிப்பு. லேத்துக்கும் வெல்டிங்குக்கும் நடுவுல கறுப்புக் கோட்டுக்கு என்னப்பா வேலை என்று கேட்டார்கள். வேலை இருக்கிறது. நாம் படிக்கிற பாடங்களுக்குத் தமிழில் சொல் வேண்டும் என்று நூறு வருஷத்துக்கு முன்னாலேயே சங்கம் வைத்த ஆள் அவர். அதுவும் சென்னையில் இல்லை, நம்ம சேலத்தில். அதே ஆள்தான் 1953இல் ஒரு பள்ளிக்கூடத் திட்டம் கொண்டு வந்து, எங்களை மாதிரிப் பட்டறைக்காரர் வீட்டில் இன்றுவரைக்கும் பேசப்படுகிறார், நல்லவிதமாக அல்ல. இந்த இரண்டு கணக்கையும் ஒரே பேரேட்டில் எழுதிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி 1878 டிசம்பர் 10ஆம் தேதி ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளி என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தார். அப்போது ஓசூர் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. அப்பா வெங்கடார்ய ஐயங்கார் ஊர் முன்சீப், அம்மா சிங்காரம்மாள். பெரிய சொத்து கிடையாது. ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பி.ஏ., பிறகு சென்னையில் சட்டம். கண்பார்வை சின்ன வயதிலிருந்தே சரியில்லை. நாம் படத்தில் பார்க்கிற அந்தக் கறுப்புக் கண்ணாடி ஸ்டைலுக்காகப் போட்டது இல்லை.

1900ஆம் வருஷம் சேலத்தில் வக்கீல் தொழில் ஆரம்பித்தார். அன்றைக்குச் சேலம் பார் லேசுப்பட்டது இல்லைங்க. அங்கே மூத்தவர் சேலம் விஜயராகவாச்சாரியார். அவர் பெயரைச் சொன்னால் நம்ம செவ்வாய்ப்பேட்டை பெயரையும் சொல்ல வேண்டும். 1882இல் செவ்வாய்ப்பேட்டையை ஒட்டி மூண்ட ஒரு மதத் தகராறு ஊர்க் கலவரமாகப் பெருத்தது. முனிசிபல் மெம்பராக இருந்த விஜயராகவாச்சாரியாரே அதைத் தூண்டிவிட்டார் என்று வழக்குப் போட்டு, பத்து வருஷம் தீவாந்தர தண்டனையும் கொடுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. ஹைகோர்ட் வரைக்கும் போய்த் தன் மேல் இருந்த பழியைத் துடைத்துக்கொண்டு வந்தார். சட்டப் புத்தகம் ஒருத்தனை அந்தமானிலிருந்து காப்பாற்றும் என்பதைக் கண்ணால் பார்த்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில்தான் இருபத்தோரு வயசுப் பையன் ஒருத்தன் போர்டு மாட்டினான்.

பிழைப்பு நன்றாகவே ஓடியது. கிரிமினல் வழக்குகளில் பெயர் எடுத்தார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதில் ஊசி மாதிரி என்பார்கள். குரல் உயராது, வார்த்தை அளந்து வரும். பின்னால் சட்டசபையில் அவரிடம் மாட்டிக்கொண்டு விழித்தவர்கள் எல்லாம் சேலம் கோர்ட்டில் அவர் பழகிய பழக்கத்துக்குத்தான் பலியானார்கள் என்று எனக்குத் தோன்றும். இதற்கிடையில் 1906 கல்கத்தா காங்கிரஸ், 1907 சூரத் காங்கிரஸ் இரண்டுக்கும் போய் வந்தார். கல்யாணம் சட்டம் படிக்கிற காலத்திலேயே ஆகியிருந்தது. ஐந்து பிள்ளைகள். மனைவி மங்கம்மாள் 1910களின் நடுவிலேயே இறந்துவிட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஒரு கையில் வழக்குக் கட்டு, இன்னொரு கையில் தாயில்லாப் பிள்ளைகள்.

1911இல் சேலம் முனிசிபாலிட்டியில் மெம்பர், 1917இலிருந்து 1919 வரை சேர்மன். ஊர்ச் சேர்மன் வேலை என்றால் சாக்கடை, தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர் இதுதானே. அந்தக் குழாய்த் தண்ணீரிலேயே அவர் ஒரு காரியம் செய்தார். அக்ரஹாரத் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலையில் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒரு ஊழியரைப் போட்டார். தெருவே கொதித்தது. அவரும் அதே ஜாதிக்காரர்தானே, சொந்தக்காரர் வீட்டு வாசலிலேயே பகை. ஆனாலும் உத்தரவை மாற்றவில்லை. சேலம் முனிசிபாலிட்டிக்குள் முதல் தாழ்த்தப்பட்ட உறுப்பினர் வந்ததும் அவர் சேர்மனாக இருந்த காலத்தில்தான். மேடையில் சமத்துவம் பேசுவது ஒன்று, வால்வு திறக்கிற ஆளை மாற்றுவது வேறொன்று. இரண்டாவதுக்கு நெஞ்சுரம் அதிகம் வேண்டும்.

இனி நம்ம பாடத்துக்கு வருவோம்.

1916இல் ராஜாஜியும் சேலம் காலேஜைச் சேர்ந்த வெங்கடசுப்பையரும் சேர்ந்து விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பௌதிகம், ரசாயனம், கணிதம் இவற்றில் வரும் ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரே சொல்லாக நிலைநிறுத்த வேண்டும், ஆளுக்கொரு சொல் எழுதினால் படிக்கிறவன் குழம்புவான் என்பது அவர்கள் எண்ணம். இதற்காக ஒரு இதழும் நடத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த இதழ் ஆங்கிலத்தில்! புதுச்சேரியிலிருந்த பாரதியார் இந்தச் செய்தி தெரிந்து சந்தோஷப்பட்டு எழுதினார். கூடவே, தமிழ்ச்சொல் தேடுகிற பத்திரிகையை இங்கிலீஷில் நடத்துவானேன் என்று உரிமையோடு குட்டும் வைத்தார். பாரதியார் குட்டு வைத்தது நியாயம்தான். ஆனால் அன்றைய நிலைமையையும் யோசிக்க வேண்டும். விஞ்ஞானம் படித்தவர்களுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும், தமிழ் படித்த பண்டிதர்களுக்கு விஞ்ஞானம் தெரியாது. இருவரையும் எந்தத் திண்ணையில் உட்கார வைத்துப் பேச வைப்பது?

இதற்கு முன் யாருமே செய்யவில்லையா என்றால், இலங்கையில் செய்திருக்கிறார்கள். யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழ் கற்றுக்கொண்டு, வைத்தியப் புத்தகங்களைத் தமிழாக்கி, தமிழிலேயே டாக்டர் படிப்புச் சொல்லிக் கொடுத்தார். பாஸ்டன் பக்கத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவருக்கு முடிந்தது நமக்கு முடியாதா என்ற கேள்வி சேலத்தில் இருந்தவர்களையும் உறுத்தியிருக்கத்தான் வேண்டும்.

சேலம் சங்கத்தார் ஆக்கிய சொற்களில் அந்தக் கால வழக்கப்படி வடமொழிச் சொற்கள் அதிகம். அதனாலேயே பின்னால் வந்த தமிழறிஞர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் சும்மா குறை சொல்லிக்கொண்டு இருக்கவில்லை, தாங்களே வேலையில் இறங்கினார்கள். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற்கள் தொகுதி ஒன்றை வெளியிட்டது, அதில் நல்ல தமிழ்ச் சொற்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. ஒரு ஊரில் தூக்கிய கல்லை அடுத்த ஊர்க்காரர் வாங்கிச் சுமந்த மாதிரி. 2010இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் ஆரம்பித்தபோது எழுந்த கேள்வியும் அதேதான்: சொல்லுக்கு எங்கே போவது?

என்னைக் கேட்டால் சேலம் சங்கத்தார் ஒரு இடத்தைத் தேடாமல் விட்டார்கள் என்று சொல்வேன். பட்டறையை. எங்க வீட்டில் மூணு தலைமுறையா கொலுசு வேலை. செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் காலையில் நுழைந்தால் வெள்ளி உருக்குகிற வாசனைதான் முதலில் வரும். கம்பி இழுக்கிறது, முறுக்குகிறது, பத்தவைக்கிறது, சலங்கை கோக்கிறது, மெருகு போடுகிறது, எல்லாத்துக்கும் எங்களிடம் சொல் இருக்கிறது. இரண்டாம் வருஷத்தில் வயர் டிராயிங் என்று பாடம் நடத்தினார்கள். கம்பியை ஒன்றைவிட ஒன்று சின்ன ஓட்டை வழியாக இழுக்க இழுக்க அது மெலிந்து நீளும், கூடவே விறைத்துப் போகும், அதனால் நடுநடுவே சூடு காட்டி இளக்க வேண்டும். இதை ஆங்கிலத்தில் படித்தபோது பக்கத்து பெஞ்ச் மனப்பாடம் செய்தது. எனக்கு எங்க தாத்தா கை ஞாபகம் வந்தது. அனீலிங் என்கிற வார்த்தை அவருக்குத் தெரியாது. கம்பி எப்போது இளக்கத்துக்கு ஏங்குகிறது என்பது தெரியும். அகராதியில் தேடின சொல்லைப் பட்டறையில் கேட்டிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

இருந்தாலும் ராஜாஜி இந்த விஷயத்தை விடவே இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். தமிழில் முடியுமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அதில் விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லிக் காட்டி, முடியும் என்று நிரூபிக்கப் பார்த்தார். பிறகு 'திண்ணை ரசாயனம்' என்று ஒன்று. பெயரைப் பாருங்கள்! லேபரட்டரியில் இருந்த கெமிஸ்ட்ரியைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டார். செடிகொடிகளைப் பற்றி 'தாவரங்களின் இல்லறம்' என்று இன்னொன்று. சட்டம் படித்தவர், சயின்ஸ் டீச்சர் இல்லை. ஆனாலும் தான் புரிந்துகொண்டதை அடுத்தவனுக்குப் புரிய வைக்காமல் இருக்க முடியாத ஆள்.

1919 ஆரம்பத்தில், நண்பர்கள் கூப்பிட்டதால், சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபோனார். அங்கே இன்னும் பெரிய வருமானம் காத்திருந்தது. விதி வேறு மாதிரி இருந்தது. மார்ச் மாதம் காந்தி சென்னை வந்து அவர் வீட்டில் தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுக்கக் கடையடைப்பு, உபவாசம் என்ற யோசனை அந்த வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்திக்கு உதித்தது. ஏப்ரல் 6ஆம் தேதி நாடே நின்றது. அடுத்த வருஷம் ஒத்துழையாமை இயக்கம். வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணிக்க வேண்டும் என்று காங்கிரஸ் சொன்னது. அதை உறுதி செய்த 1920 நாக்பூர் மாநாட்டுக்குத் தலைவர் யார் தெரியுமா? நம்ம சேலம் விஜயராகவாச்சாரியார்! அவருக்கே அந்தத் திட்டத்தில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அவருடைய ஊரில் தொழில் பழகிய ராஜாஜி அந்த இயக்கத்துக்காக வக்கீல் தொழிலைத் தூக்கிப் போட்டுவிட்டார். இருபது வருஷம் கட்டின பிராக்டிஸ்! நாம் ஒரு அப்ரண்டிஸ் ஸ்டைபண்டை விட யோசிக்கிறோம். 1921 டிசம்பரில் வேலூர் ஜெயிலுக்குப் போனார், மூணு மாசம். அங்கே தினமும் டைரி எழுதினார், அது புத்தகமாகவும் வந்தது.

1925 பிப்ரவரி 6ஆம் தேதி திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். இன்றைக்கு அது நாமக்கல் மாவட்டம். நிலம் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர். மழை பொய்த்தால் கஞ்சிக்கே வழியில்லாத வறண்ட பூமி அது. ராட்டையில் நூல் நூற்கக் கற்றுக்கொடுத்து, நூலை வாங்கி, நெய்ய வைத்து, கதராக விற்றார்கள். நூற்ற பெண்கள் கையில் காசு வந்தது. ஆஸ்பத்திரி வைத்தார்கள். எல்லா ஜாதியும் ஒன்றாக இருந்து ஒன்றாகச் சாப்பிட்டதால் சுற்றுவட்டாரத்தில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஹைகோர்ட்டில் வாதாட வேண்டிய மனுஷன் குடிசையில் பிள்ளைகளோடு இருந்துகொண்டு நூல் கணக்குப் பார்த்தார். அந்தப் பக்கம் சேலம் – நாமக்கல் ரூட்டில் இருந்து வருகிற நம்ம நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், ஒரு தடவை இறங்கிப் பாருங்கள், ஆசிரமம் இன்னும் இருக்கிறது.

அங்கிருந்துதான் 1929இல் 'விமோசனம்' பத்திரிகை வந்தது. மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை! கள்ளுக்கடைப் பாட்டு, கார்ட்டூன், கதை எல்லாம் உண்டு. உதவி ஆசிரியராக ஆசிரமத்தில் வந்து தங்கினவர்தான் பின்னால் 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கி. ராஜாஜி எழுதிய 'திக்கற்ற பார்வதி' கதையும் குடியால் அழிந்த குடும்பத்தின் கதைதான். 1974இல் சினிமாவாக வந்தது.

வேதாரண்யம் உப்பு யாத்திரை நமக்குப் பாடப் புத்தகத்திலேயே வந்துவிட்டது. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து சுமார் நூறு பேரோடு நடந்து போய் உப்பு எடுத்துக் கைதானார். தாண்டிப் போவோம்.

1937இல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். முதலமைச்சர் பதவிக்கு அப்போது அதுதான் பெயர். வந்த சூட்டோடு, 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கைச் சட்டமாக்கினார். முதலில் எந்த ஜில்லாவில் தெரியுமா? நம்ம சேலம் ஜில்லாவில்! தான் பார்த்துப் பழகிய ஊரிலேயே முதல் சோதனை. கள்ளுக்கடை மூடினால் அரசாங்கத்துக்கு வருமானம் போகுமே? அதற்கு 1939இல் விற்பனை வரி கொண்டு வந்தார். நாட்டிலேயே பொது விற்பனை வரிக்கு முன்னோடி அது. நம்ம செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர்கள் இன்றைக்கு ஜி.எஸ்.டி. பில் போடும்போது யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இருந்தால், விலாசம் கொடுத்துவிட்டேன்! விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் 1938, ஆலயப் பிரவேசச் சட்டம் 1939, இவையும் அந்த இரண்டு வருஷத்தில் வந்தவை.

அதே இரண்டு வருஷத்தில்தான் பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். 1938இல் மாகாணமே போராட்டத்தில் இறங்கியது. பெரியார் ஜெயிலுக்குப் போனார். நடராசன், தாளமுத்து என்ற இரண்டு இளைஞர்கள் 1939இல் சிறைக்காவலில் உயிரை விட்டார்கள். தமிழில் ரசாயனம் சொல்ல முடியும் என்று காட்ட உட்கார்ந்த அதே கை போட்ட உத்தரவு இது. இருபது வருஷம் கழித்து இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து அவரே முன்னால் நின்றார். மனம் மாறியது நல்லதுதான். ஆனால் அந்த இரண்டு பேரின் வீட்டில் அது எந்த ஆறுதலையும் தந்திருக்காது.

நடுவில் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சேராமல் காங்கிரஸை விட்டு விலகி நின்றார். 1944இல் பாகிஸ்தான் பிரச்சினைக்கு ஒரு சமரசத் திட்டம் போட்டார். இரண்டுக்கும் நிறைய வசவு வாங்கினார். சுதந்திரம் வந்ததும் மேற்கு வங்காள கவர்னர். 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரே இந்தியர், கடைசி ஆளும் அவர்தான். தொரப்பள்ளி முன்சீப் மகன் டெல்லி ராஜமாளிகையில் குடியிருந்தார்.

அவ்வளவு உயரம் போனவர் 1952இல் திரும்பவும் இறங்கி வந்து சென்னை மாநில முதலமைச்சர் ஆனார். வந்ததும் உணவு ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்தார். நெல்லை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக பர்மிட் வாங்கி அலைந்த காலம் அதோடு முடிந்தது. மண்டித் தெருவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே வயசானவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்தது 1953. பொறுமையாகப் படியுங்கள் நண்பர்களே, இந்த இடத்துக்காகத்தான் நான் பேனாவை எடுத்தேன்.

பணம் இல்லை, பள்ளிக்கூடம் போதவில்லை, வாத்தியார் போதவில்லை, பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கே வரவில்லை. ராஜாஜி ஒரு வழி கண்டுபிடித்தார். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் படிப்பு. காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். அதே கட்டடம், அதே வாத்தியார், இரண்டு மடங்கு பிள்ளைகள். மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் பெற்றோர் செய்கிற தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றார். நம்ம ப்ரொடக்‌ஷன் பிளானிங் பாடக் கண்ணால் பார்த்தால் மெஷின் உபயோகத்தை இரட்டிப்பாக்குகிற ஷிப்ட் முறை, அவ்வளவுதான். கணக்குத் தப்பில்லை. ஆனால் எதிர்ப்பு எரிமலை மாதிரி வெடித்தது. பெரியாரும் தி.மு.க.வும் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரே நிலைத்தது. வண்ணான் பிள்ளை வெளுக்கவும், அம்பட்டன் பிள்ளை சிரைக்கவும் அரசாங்கமே ஏற்பாடு செய்கிறதா என்று தெருவுக்குத் தெரு கூட்டம். காங்கிரஸுக்குள்ளேயே எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் அவர் பதவியை விட்டார். காமராஜர் வந்தார், திட்டம் போனது.

ராஜாஜியை ஆதரிக்கிறவர்கள், அவர் கைத்தொழிலை மதித்தார், படித்தவன் வியர்வையை இழிவாக நினைக்கக் கூடாது என்று எண்ணினார் என்பார்கள். நம்பலாம், ஆசிரமத்தில் ராட்டை சுற்றினவர்தானே. திட்டம் கிராமங்களுக்கு மட்டும்தான், செவ்வாய்ப்பேட்டை மாதிரி டவுனுக்கு இல்லை என்பதும் உண்மை. எங்க தாத்தா அப்போது சிவதாபுரத்தில் இருந்தார், அது கிராமம். எட்டு வயசு. திட்டம் அவருக்கு வந்ததோ வரவில்லையோ, அஞ்சாவதோடு அவர் படிப்பு நின்றது. எந்தச் சட்டமும் சொல்லாமலேயே அவர் அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு போய் உலை முன்னால் உட்கார வைத்தார். வறுமைக்கு உத்தரவு தேவையில்லை. இதை நினைத்தால் அந்தத் திட்டத்தின் மேல் பாதிக் கோபம் குறைகிறது, மீதிப் பாதி கூடுகிறது. ஏற்கெனவே உலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளையைத் திருப்பிப் பள்ளிக்குக் கூப்பிட வேண்டிய சர்க்கார், நீ போவது சரிதான் என்று தலையாட்டலாமா? காமராஜர் காலத்தில் பள்ளியும் மதிய உணவும் பெருகியதால் தாத்தாவின் தம்பி பத்தாவது வரை போனார். எங்க அப்பா ஐ.டி.ஐ. நான் டிப்ளமோ. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு படி. அந்த முதல் படி மூன்று மணி நேரப் படியாக இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன், கொலுசு செய்துகொண்டிருப்பேன். கொலுசு செய்வது கேவலம் என்று சொல்லவில்லை. லீவு நாளில் இன்றும் செய்கிறேன். நானே தேர்ந்தெடுத்துச் செய்வதற்கும், உனக்கு இதுதான் என்று வைக்கப்பட்டதைச் செய்வதற்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. குறுக்கு விசாரணையில் சாட்சியின் மனசைப் படித்தவருக்கு இந்தப் பள்ளம் கண்ணில் படாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

பதவி போனபின் சும்மா இருக்கிற வயசுதான், எழுபத்தைந்து. ஆனால் அவர் எழுத உட்கார்ந்தார். வியாசர் விருந்து என்று மகாபாரதம் ஏற்கெனவே வந்திருந்தது, இப்போது சக்கரவர்த்தித் திருமகன் என்று ராமாயணம், இரண்டும் கல்கி பத்திரிகையில் வந்து வீட்டுக்கு வீடு படிக்கப்பட்டன. ராமாயணத்துக்கு 1958இல் சாகித்ய அகாடமி பரிசு. குறளையும் உபநிஷத்தையும் ஆங்கிலத்தில் சொன்னார், சாக்ரடீஸையும் மார்க்கஸ் அரேலியஸையும் தமிழில் சொன்னார். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி எல்லாக் கோயில் ஸ்பீக்கரிலும் கேட்கிற 'குறை ஒன்றும் இல்லை' அவர் எழுதின பாட்டு. நிறையப் பேருக்கு இது தெரியாது.

1959இல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சி தொடங்கினார். தொழில் தொடங்க லைசென்ஸ், சாமான் வாங்க பர்மிட், உற்பத்திக்குக் கோட்டா என்று எல்லாவற்றையும் சர்க்கார் பிடித்து வைத்திருந்த முறைக்கு லைசென்ஸ் பர்மிட் கோட்டா ராஜ்யம் என்று பெயர் வைத்து அடித்தார். 1991இல் அந்த முறையை நாடே கழற்றத் தொடங்கியபோது அவர் இல்லை. 1962இல், 83 வயதில், அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி அமெரிக்கா போய் ஜனாதிபதி கென்னடியைப் பார்த்துப் பேசினார். 1967 தேர்தலில், ஒரு காலத்தில் தன் திட்டத்தை எதிர்த்துத் தெருவில் நின்ற தி.மு.க.வோடு கூட்டணி வைத்துக் காங்கிரஸைத் தோற்கடித்தார். அரசியலில் இவ்வளவு வளைவா என்று கேட்பவர்கள் கேட்கட்டும், மதுவிலக்கு விஷயத்தில் மட்டும் மனுஷன் அணுவளவும் வளையவில்லை. 1971இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தபோது, 92 வயதுக் கிழவர் கொட்டுகிற மழையில் முதல்வர் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேட்டது நடக்கவில்லை. 1937இல் சேலத்தில் மூடிய கடை 1971இல் திறந்தது.

1972 டிசம்பர் 25ஆம் தேதி சென்னை அரசு பொது மருத்துவமனையில் காலமானார். வயது 94.

கேம்பஸில் தேர்வாகி ஓசூர் கம்பெனிகளுக்குப் போகிற நம்ம சீனியர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். அடுத்த வருஷம் நாமும் போகலாம். தொரப்பள்ளி அங்கிருந்து கூப்பிடு தூரம்தான், இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். அவர் பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. ஓட்டு வீடு, தாழ்வான வாசல். வீக்லி ஆஃப் அன்றைக்கு டவுன் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டு வரலாம். குனிந்துதான் உள்ளே போக வேண்டும், தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.